அரைக் கோபக்காரர்கள்

இந்த ஊர்த் தண்ணீருக்கு எலும்பே கிடையாது.
மலை ஏரியிலிருந்து இறங்கி வந்து
என் கெட்டிலில் பதினெட்டு வருடம் கொதித்தும்
ஒரு வெள்ளைத் தழும்பு வைத்ததில்லை.
சோப்பைத் தொட்டால் போதும், முழங்கை வரை நுரை,
கழுவக் கழுவப் போகாது.

"மென்னீர்" என்றாள் ருக்ஸானா,
சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் ஆட்டியபடி.
"உங்கள் வீட்டுக் குழாய்
அமேசானுக்கு ஒன்றுவிட்ட தங்கை."

முழங்கால் கைவிட்ட பிறகு
விசிலைச் சமையலறை ஆணியில் மாட்டியவன் நான்.
கிளாஸ்கோவின் ஞாயிற்றுக்கிழமை லீக்கில்
இருபத்தாறு வருட நடுவர்.
கசாப்புக்காரர்களும் கூரை போடுகிறவர்களும்
ஒருவர் கணுக்காலை ஒருவர் தேடிய சேற்றில்
மஞ்சள் அட்டையோடு ஓடியவன்.
அதனால் அவளிடம் சொன்னேன்:
பரம சாது வேண்டாம், தூங்கிவிடுவேன்.
கொலைகாரனும் வேண்டாம்.
இரண்டுக்கும் நடுவில் ஏதாவது.

"எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள்,
கேட்டுவிட்டு, அதோ, அந்த மலாவி மஞ்சளைக் காட்டுகிறார்கள்."
நானும் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.
விரலை மடக்கினேன்.
அதற்குப் பாறை கரைந்த கடினத் தண்ணீர் வேண்டுமாம்.
இந்த ஊரில் விட்டால்
நிறம் வெளுத்து, மெல்ல மெல்ல...
அவள் முடிக்கவில்லை.

டைகர் பார்ப்.
கோடு போட்ட சட்டை, பார்வைக்கு ஒழுங்கு.
மூன்று வாங்கினால் ரவுடி;
பத்து வாங்கினால்
தங்களுக்குள்ளேயே முட்டிக்கொண்டு களைத்துவிடும்.
தெரியும் இந்த அணியை. பெயின்டர்கள்.
ஆனால் ஏஞ்சல் மீனோடு மட்டும் சேர்க்கக் கூடாது:
அந்த நீளத் துடுப்பு ஆடுவதைக் கண்டால்
இவர்களுக்கு வாய் சும்மா இருக்காது.

கிரிபென்சிஸ் ஒரு ஜோடி,
பெண்ணுக்கு வயிற்றில் செர்ரிச் சிவப்பு.
குடியிருக்க ஒரு குகை கொடுத்தால் போதும் என்றாள்.

சிவப்பு வால் சுறா. சுறாவே இல்லை, பெயர்தான்.
"ஒன்றே ஒன்று வாங்குங்கள்.
தன்னைப் போல் இன்னொன்றைக் கண்டால்தான்
இவனுக்குத் தலைக்கேறும்."
என் தம்பி நீலோடு
நான் பேசி ஆறு வருடம் ஆகிறது.
ஒன்று என்றேன்.

பிறகு ஆறு வாரம் வெறும் தண்ணீர்.
இருநூறு லிட்டர், இரண்டு குகை, ஒரு மரக்கட்டை,
கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியேற
அம்மோனியாச் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பக்கத்து வீட்டு மிஸஸ் கார்ஸ்வெல் எட்டிப் பார்த்து
"மீனுக்கு இன்னும் விசா வரவில்லையா, டூகல்?" என்றாள்.
எலும்பில்லாத தண்ணீர் ஒரே ராத்திரியில் புளித்துப் போகுமாம்;
ஒரு கைப்பிடி நொறுங்கிய சிப்பியை
பழைய காலுறையில் கட்டி வடிகட்டியில் போட்டேன்.

மீன்கள் வந்தன.
முதல் வாரம் எல்லாரும் விருந்தாளிகள்.
மூன்றாவது வாரம், நான் நினைத்தது போலவே பார்ப்கள் மோதின;
நினைக்காதது, சுறா.
ஒருவரையும் கடிக்கவில்லை.
கிரிபென்சிஸின் குகைக்குள் போனான்,
அப்படியே இருந்துகொண்டான்.
வாடகை கேட்க யாரால் முடியும்?
செர்ரி வயிற்றுக்காரி ஹீட்டருக்குப் பின்னால் ஒட்டி நின்று
மூன்று நாள் ஒரு துணுக்கும் தின்னவில்லை.

எந்தப் பாக்கெட்டில் கை விடுவது?
இங்கே அட்டை செல்லாது,
வெளியேற்ற மைதானத்துக்கு வெளியே காற்றுதான்.

ருக்ஸானாவைக் கூப்பிட்டேன்.
"கல்லை மாற்றுங்கள்" என்றாள்.
"எல்லாவற்றையும். கட்டை, குகை, செடி.
ஒருவருக்கும் ஊர் ஞாபகம் இருக்கக் கூடாது."

இரவு இரண்டு மணி.
அக்குள் வரை தண்ணீரில் கைவிட்டு
இடது குகையை வலப்பக்கம் நகர்த்தினேன்,
கட்டையைக் கவிழ்த்தேன்.
மணல் எழும்பி ஒரு புயல்.
அது அடங்கியபோது
பன்னிரண்டு பேரும் அந்தச் சுறாவும்
விலாசம் தொலைத்தவர்களாய் நடுவில் நின்றார்கள்.

முதலில் நகர்ந்தவள் அவள்தான்.
கட்டைவிரல் நீளம்.
புதுக் குகை வாசலில் போய்
செவுளை விரித்து நின்றாள்.
சுறா வந்தான். பார்த்தான்.
பின்பக்கக் கட்டையைச் சுற்றிப் போனான்,
அங்கேதான் தனக்கு வேலை என்பது போல.

எனக்குக் கை துறுதுறுத்தது.
ஆணியிலிருந்து விசிலை எடுத்து
மெல்ல ஒருமுறை ஊதினேன்.
தொட்டிக்குள் ஒருவரும் திரும்பவில்லை.
மேல்மாடியில் யாரோ
செருப்பால் தரையைத் தட்டினார்கள்.